அமைதியாக வளர்ந்த ஊர்: செஸ்கி க்ரும்லோவில் ஒரு ஹோட்டல் கையேட்டை வாசித்தல்

செக் நாட்டின் தெற்கில், வல்டாவா நதி இரண்டு தடவை வளைந்து போகும் இடத்தில் செஸ்கி க்ரும்லோவ் என்ற சின்ன ஊர் இருக்கிறது. 1992-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எதற்காகச் சேர்த்தோம் என்று யுனெஸ்கோ தரும் சிறு குறிப்பில் ஒரு காரணம் வருகிறது: ஐந்து நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஊர் அமைதியாக வளர்ந்து வந்திருக்கிறது, அதனால்தான் கட்டிடங்கள் சிதையாமல் நிற்கின்றன.

கட்டிடங்களை மட்டும் வச்சுப் பார்த்தால் இது சரிதான். அந்தக் கட்டிடங்களுக்குள் இருந்தவர்களை வச்சுப் பார்த்தால் கதை வேறு. 1938-லிருந்து 1946 வரை, எட்டே வருஷத்தில், இந்த ஊரில் குடியிருந்தவர்கள் கிட்டத்தட்ட முழுசாக மாறிவிட்டார்கள். வீடு அப்படியே நின்றது, ஆள் மாறினார்கள். அந்த வீடுகளில் பலவும் இன்றைக்கு ஹோட்டல். அந்த ஹோட்டல்கள் தங்கள் வீட்டின் கதையை எப்படிச் சொல்கின்றன என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். சுருக்கமாகச் சொன்னால், வீட்டின் வயசை விற்கிறார்கள், அந்த வயசில் நடந்த மிகப் பெரிய சம்பவத்தை விட்டுவிடுகிறார்கள். ஏன் விடுகிறார்கள், விடாமல் சொல்ல முடியுமா என்று பார்க்கலாம்.

தங்கிய இடம் பத்தி முதலில்

வேலை விஷயமாக ம்யூனிக்கில் மூன்று வாரம் இருந்தபோது ஒரு வார இறுதியில் போனேன். லின்ஸ் வழியாக ரயிலில் செஸ்கே புட்யேயோவிட்சே, அங்கிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து கிலோமீட்டர். பழைய நகருக்குள் வண்டி வராது. கருங்கல் பாவிய தெருவில் ட்ராலி பெட்டியைத் தடதடவென்று இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். ஹோட்டல் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒரு ஹோட்டலோடு நிற்பதில்லை, அந்த மாதிரி ஹோட்டல்கள் எல்லாவற்றுக்கும் பொது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறை அருமை. முழங்கை நீளத்துக்கு மேல் தடிமனான சுவர், பூவேலை தீட்டிய மர உத்தரங்கள், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்ட இரட்டை ஜன்னல். லிஃப்ட் கிடையாது. பாதுகாக்கப்பட்ட கட்டிடம், இஷ்டத்துக்கு இடித்து லிஃப்ட் வைக்க முடியாது. படிக்கட்டு நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், இறங்கும்போது கவனம் வேணும். காலை உணவில் கம்பு நிறத்தில் ரை ரொட்டி, சீஸ், முட்டை, ஊறவைத்த வெள்ளரி, கசகசா கேக். சைவக்காரர்கள் சமாளிக்கலாம். பில்லில் ஊராட்சிக்கான தங்கல் வரி தனியாக வரும், ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று. சட்டப்படி அதிகபட்சம் 50 கொருனா. ஏமாற்று வேலை எதுவும் கிடையாது.

ஊரைப் பகலில் பார்ப்பவர்களுக்கும் இரவில் தங்குபவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பகலில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். பாலத்தில் செல்ஃபி எடுக்கவே வரிசை. சாயங்காலம் பஸ்கள் கிளம்பியதும் ஊர் சட்டென்று காலியாகிறது. இரவு ஒன்பது மணிக்கு என் ஜன்னலில் நின்று எதிர் வரிசை வீடுகளைப் பார்த்தேன். விளக்கு எரிந்த ஜன்னல்கள் இருந்தன. ஆனால் எல்லா விளக்கும் ஒரே மாதிரி: கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மஞ்சள் விளக்கு. சமையலறை வெளிச்சம், டிவியின் நீல வெளிச்சம், படிக்கிற பிள்ளையின் மேஜை விளக்கு எதுவும் கண்ணில் படவில்லை. எதிரே இருப்பதும் ஹோட்டல்தான், அதற்குப் பக்கத்தில் இருப்பது பென்ஷன் என்று அவர்கள் சொல்லும் சின்ன விடுதி.

கையேட்டில் என்ன இருக்கு

அறையில் தோல் உறை போட்ட ஒரு கோப்பு வைத்திருந்தார்கள். வைஃபை கடவுச்சொல், காலை உணவு நேரம், அதற்குப் பின்னால் நாலு பக்கத்தில் வீட்டின் வரலாறு. செக், ஜெர்மன், ஆங்கிலம் என்று மூன்று மொழியில்.

கதை பதினைந்தாம் நூற்றாண்டில் ஆரம்பிக்கிறது. முதலில் ஒரு கசாப்புக்காரர், பிறகு பீர் காய்ச்சுபவர், ஒரு தையல்காரர். ரோஸன்பெர்க் பிரபுக்கள் காலத்தில் மறுமலர்ச்சிப் பாணியில் முகப்பு மாறியது, சுவரில் சுண்ணாம்பைக் கீறி வரையும் ஸ்க்ராஃபிட்டோ வேலைப்பாடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கைவினைக் குடும்பம். அங்கே ஒரு கருப்பு வெள்ளைப் படம்: இதே வாசல், மேலே கடைப் பலகை, அதில் ஜெர்மன் எழுத்தில் ஒரு குடும்பப் பெயர், வாசலில் ஏப்ரன் கட்டிய ஆள், ரெண்டு குழந்தைகள். அடுத்த வரி, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கட்டிடம் பராமரிப்பின்றிச் சீரழிந்தது என்று சொல்கிறது. அதற்கடுத்து 1990களில் பழைய பொலிவு மீட்கப்பட்டது, விருந்தினர்களை வரவேற்கிறோம்.

படத்தில் இருந்த குடும்பம் எங்கே போனது?

நான் தொழிலால் மென்பொருள்காரன். லாக் ஃபைலில் நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவுகள் வந்துகொண்டிருந்து, நடுவில் ஒரு பகுதி மட்டும் இல்லை என்றால், சர்வர் அப்போது சும்மா இருந்தது என்று எங்களில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டோம். அங்கேதான் முதலில் போய்ப் பார்ப்போம். இந்தக் கையேட்டில் கசாப்புக்காரருக்கு ஒரு வரி உண்டு, தையல்காரருக்கு ஒரு வரி உண்டு, சுண்ணாம்பு வேலைக்கு நாலு வரி உண்டு. நம் தாத்தா பாட்டி காலத்தில் நடந்ததற்கு எழுவாய் இல்லாத ஒரு வாக்கியம். "சீரழிந்தது". யார் விட்டுப்போனதால், யார் பார்த்துக்கொள்ளாததால் என்பது கிடையாது. கட்டிடமே தனக்குத்தானே வயசாகிக்கொண்ட மாதிரி.

விடுபட்ட வரிகள்

ஊரின் முற்கால வரலாறு எல்லா ஹோட்டலிலும் கிடைக்கும். கோட்டை பற்றிய முதல் குறிப்பு 1253. 1302-லிருந்து 1602 வரை ரோஸன்பெர்க் குடும்பம். கடைசி வாரிசு பெட்ர் வோக் அதைப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விற்றார். 1622-ல் எக்கன்பெர்க் குடும்பம், 1719-ல் ஷ்வார்ஸன்பெர்க் குடும்பம். இது எல்லாம் கோட்டைக்குள் இருந்தவர்கள் கணக்கு. கீழே ஊருக்குள் பல நூற்றாண்டாகச் செக் பேசுபவர்களும் ஜெர்மன் பேசுபவர்களும் கலந்து இருந்தார்கள். 1910-ல் ஆஸ்திரிய அரசு எடுத்த கணக்கில் ஊரின் மக்கள்தொகை சுமார் 8,700. அதில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் ஜெர்மன் பேசியவர்கள். அவர்களுக்கு ஊர்ப் பெயர் க்ருமாவ்.

1918-ல் செக்கோஸ்லோவாகியா உருவானது. 1938-ல் ம்யூனிக் ஒப்பந்தப்படி எல்லைப் பகுதிகள் ஹிட்லரின் ஜெர்மனியிடம் போயின, க்ருமாவும் போனது. சுடேட்டன் ஜெர்மானியர் என்று சொல்லப்பட்ட எல்லைப் பகுதி ஜெர்மானியர்களில் பெரும்பாலானோர் அதை வரவேற்றார்கள். இதை மறைத்துவிட்டுப் பின்னால் நடந்ததை மட்டும் சொல்வது நேர்மையாகாது. செக் அதிகாரிகளும் பல செக் குடும்பங்களும் உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள். யூதர்கள் விரட்டப்பட்டார்கள், தப்பிக்க முடியாத பலர் முகாம்களில் கொல்லப்பட்டார்கள். 1909-ல் கட்டிய அவர்களுடைய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது, நன்றாகப் புதுப்பித்திருக்கிறார்கள். அங்கே தொழுத சமூகம்தான் இல்லை.

1945 மே மாதம் அமெரிக்கப் படை ஊருக்குள் வந்தது. அதன் பிறகு ஜனாதிபதி எட்வர்ட் பெனெஷ் பிறப்பித்த ஆணைகளின்படி ஜெர்மானியர்களின் குடியுரிமையும் சொத்தும் போயின. 1945-ல் கட்டுப்பாடில்லாமல் நடந்த விரட்டல், 1946-ல் அட்டவணை போட்டு ரயிலில் ஏற்றிய அனுப்பல். ஆளுக்குச் சுமார் 50 கிலோ சாமான். பாசிச எதிர்ப்பாளர்கள் என்று நிரூபித்தவர்கள், செக்குகளை மணந்தவர்கள், தொழிற்சாலைக்கு அவசியமானவர்கள் என்று சிலருக்கு மட்டும் விலக்கு. நாடு முழுக்கச் சேர்த்தால் போனவர்கள் கிட்டத்தட்ட முப்பது லட்சம் பேர். செக் மொழியில் இதற்கு ஒட்சுன் என்று பெயர், அப்புறப்படுத்தல் என்ற மாதிரி ஒரு நிர்வாகச் சொல். ஜெர்மனில் ஃபெர்ட்ரைபுங், விரட்டியடிப்பு. எந்தச் சொல்லை எடுக்கிறீர்களோ அதிலேயே பாதிக் கட்சி தெரிந்துவிடும். கையேடு எழுதினவருக்கு இந்தச் சிக்கலும் தெரிந்திருக்கும்.

காலியான எல்லைப் பகுதி வீடுகளுக்கு உள்நாட்டுச் செக்குகள், ஸ்லோவாக்குகள், ஸ்லோவாகியாவிலிருந்து ரோமா மக்கள், உக்ரேனின் வொலீனியாவிலிருந்து திரும்பிய செக்குகள் என்று பலர் வந்தார்கள். பெரும்பாலோர் ஏழைகள். வீடு அரசாங்கத்துடையது, ஓடு உடைந்தால் மாற்ற ஆளில்லை. 1963-ல் பழைய நகரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அதனால் இடிக்கப்படாமல் தப்பியது, ஆனால் பல வீடுகள் ஒழுகிக்கொண்டே தப்பின.

ஊர் பழைய மாதிரியே இருந்ததற்கு 1946 மட்டும் காரணம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஷ்வார்ஸன்பெர்க் குடும்பம் தன் முக்கிய அரண்மனையை ஹ்லுபோகாவுக்கு மாற்றிக்கொண்டது. பெரிய பணம் போன ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதுசு கட்ட யாருக்கும் அவசரம் வரவில்லை. அதன் மேல் 1946 வந்து சேர்ந்தது. சொந்தக்காரர் போன வீட்டில் வாடகைக்கு இருப்பவர் முகப்பை மாற்ற மாட்டார். பணமில்லாததும் ஆளில்லாததும் சேர்ந்துதான் இந்த மர உத்தரங்களை எனக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன. "அமைதியான வளர்ச்சி" என்ற சொற்களுக்குள் இதெல்லாம் மடிந்து கிடக்கிறது.

சோகம் என்பதால் விட்டார்களா?

விடுமுறைக்கு வருகிறவனிடம் எதற்கு இந்தச் சோகக் கதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் க்ரும்லோவ் சோகத்தையும் கோரத்தையும் பார்த்துப் பின்வாங்கும் ஊர் இல்லை.

ஒன்று, டான் ஜூலியஸ். பேரரசர் ருடால்ஃபின் முறைதவறிப் பிறந்த மகன். மனநிலை பிறழ்ந்து, 1608-ல் இந்தக் கோட்டையில் ஒரு முடிதிருத்துபவரின் மகளைக் கொடூரமாகக் கொன்றான். இந்தக் கதை ஊரின் சொத்து மாதிரி. வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். என் கையேட்டிலும் ஒரு பத்தி வருகிறது, அவ்வளவு விவரமாக.

இரண்டு, ஓவியர் எகான் ஷீலே. அவருடைய அம்மாவின் ஊர் இது. 1911-ல் துணைவியோடு இங்கே குடிவந்து, இளம் பெண்களை நிர்வாணமாக வரைகிறார் என்று ஊரார் கொதித்ததால் சில மாதங்களிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. இந்த ஊரை வரைந்த சில படங்களுக்கு அவர் வைத்த பெயர் செத்த நகரம். இன்றைக்கு அவர் பெயரில் 1993-லிருந்து ஒரு கலை மையம், கடைக்குக் கடை அவர் படம் போட்ட கோப்பை. ஊர் அவரை விரட்டிய கதையை ஊரே சிரித்துக்கொண்டு சொல்கிறது.

ஆக, ஊருக்கே அவமானமான கதைகூட ஓடும். ஒரு கொலையைச் சொல்லலாம், ஒரு ஓவியரை விரட்டியதைச் சொல்லலாம், ஊரில் பெரும்பான்மையாக இருந்தவர்களை அனுப்பியதைச் சொல்ல முடியாது என்றால் காரணம் சோகம் கிடையாது. சொத்துதான் என்பது என் எண்ணம். 1608 கொலை யாருடைய பத்திரத்தையும் கேள்வி கேட்காது. 1946 கேட்கும். நீங்கள் படுத்திருக்கும் இந்த அறை யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று கேட்கும்.

சட்டத்திலும் இந்தக் கோடு இருக்கிறது. 1989-க்குப் பிறகு செக்கோஸ்லோவாகியா பறிமுதல் சொத்துக்களைத் திருப்பித் தரச் சட்டம் போட்டபோது, 1948 பிப்ரவரி 25-க்குப் பின், அதாவது கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பின், பறித்ததற்குத்தான் அடிப்படையில் பொருந்தும் என்று எல்லை வைத்தார்கள். 1945 ஆணைகள் அந்த எல்லைக்கு முன்னால் விழுகின்றன. ஷ்வார்ஸன்பெர்க் கதை இதிலும் விசித்திரம். அடால்ஃப் ஷ்வார்ஸன்பெர்க் நாஜிகளை எதிர்த்தவர். 1940-ல் கெஸ்டாபோ அவர் சொத்தைப் பறித்தது. போர் முடிந்தும் அவருக்கு அது திரும்ப வரவில்லை, 1947-ல் அந்தக் குடும்பக் கிளைக்கென்றே தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. அதுவும் 1948-க்கு முன்னால்.

சட்டம் அப்படிக் கோடு போட்டதற்கு அரசியல் காரணங்கள் உண்டு. அதை நான் விமர்சிக்க வரவில்லை. பத்திரம் சட்டப்படி செல்லும், யாரும் யாரையும் காலிசெய்யச் சொல்லவில்லை. ஆனால் சட்டத்துக்குத் தேவைப்படும் கோடு ஒரு வரலாற்றுக் குறிப்புக்கு எதற்கு?

வரவேற்பறையில்

இரண்டாம் நாள் காலை வரவேற்பறையில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும், ஆங்கிலம் மெதுவாக, தெளிவாகப் பேசினார். படத்தில் இருக்கும் குடும்பம் பத்தி ஏதாவது தெரியுமா என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நீங்க ஜெர்மனியிலேர்ந்து வர்றீங்களா என்று கேட்டார். வேலை அங்கே, ஊர் இந்தியா என்றதும் நாற்காலியைக் காட்டினார்.

அவருடைய பாட்டி 1946-ல் உள்நாட்டு கிராமம் ஒன்றிலிருந்து இந்தப் பக்கம் குடிவந்தவர். இந்த வீடில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொன்று. சமையல்கட்டில் கரண்டி முதல்கொண்டு எல்லாம் அப்படியே இருந்ததாம். அலமாரியில் மடித்த படுக்கைத் துணி, ஓரத்தில் யாரோ பெயரின் முதலெழுத்துகள் பின்னியது. பாட்டி அந்த எழுத்துகளைப் பிரித்தெடுக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. 1990களில் ஜெர்மனியிலிருந்து வயசான ஒரு தம்பதி வந்து வீட்டெதிரே அரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். பாட்டி உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாராம். இருவருக்கும் பொதுவாக மொழி இல்லை.

இதையெல்லாம் ஏன் கையேட்டில் போடவில்லை என்றேன். "கெஸ்ட்டுங்க சந்தோஷமா இருக்க வர்றாங்க" என்றார். பிறகு, "நாங்க திருடலை" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

அந்த இரண்டாவது பதில்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சொன்னால் திருட்டுப் பட்டம் வரும், சொல்லாவிட்டால் வீடு வெறும் அழகாக நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. குடிவந்தவர்களின் கதையும் அதே மௌனத்தில் சேர்ந்து போய்விடுகிறது என்பதையும் கவனிக்க வேணும். கையேட்டில் ஜெர்மன் குடும்பம் மட்டும் காணாமல் போகவில்லை. 1946-க்குப் பிறகு நாற்பது வருஷம் ஒழுகும் கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்திய செக், ஸ்லோவாக், ரோமா குடும்பங்களும் "சீரழிந்தது" என்ற ஒரே வினைச்சொல்லில் காணாமல் போகின்றன.

ஹோட்டல் பக்கத்து நியாயம்

ஹோட்டல்தானே வீட்டைக் காப்பாற்றியது என்ற வாதம் உண்டு. அது உண்மை. இரட்டை ஜன்னலைப் பழைய முறையில் செய்ய, உத்தரத்தை மாற்றாமல் பழுதுபார்க்க, பெரிய செலவு ஆகும். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஊரின் தாழ்வான பகுதிகள் மூழ்கின, அதிலிருந்து மீள உதவியதும் சுற்றுலாப் பணம்தான். நானும் காசு கொடுத்துத் தங்கினவன். இந்த ஏற்பாட்டின் பயனாளி.

ஆனால் காப்பாற்றுவது என்றால் எதை? 2018-ல் கதர்ஷினா ஷெடா என்ற செக் கலைஞர் இதே ஊரில் ஒரு காரியம் செய்தார். வெனிஸ் கட்டிடக்கலைக் கண்காட்சியில் செக், ஸ்லோவாக் நாடுகளின் பங்களிப்பு அது. பழைய நகரில் சாதாரண வாழ்க்கை வாழ்வதற்காகச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார். துணி காயப்போடுவது, பிள்ளைகளோடு விளையாடுவது எல்லாம் வேலை. வெனிஸில் உட்கார்ந்து அதை நேரலையில் பார்க்கலாம். பெயர் யுனெஸ்-கோ. செக்கில் உனெஸ் என்றால் தூக்கிக்கொண்டு போ, ட்சோ என்றால் எதை. சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. என் ஜன்னலிலிருந்து பார்த்த கட்டில் விளக்குகளுக்கு இதைவிட நல்ல விமர்சனம் இல்லை. அதன் கேள்வி இன்றைய சுற்றுலா பற்றியது, ஊரை விட்டுப் போகும் இன்றைய குடும்பங்கள் பற்றியது. ஆனால் இந்த ஊர் ஒரு நூற்றாண்டுக்குள் காலியாவது முதல் தடவை இல்லை. முதல் காலி எப்படி நடந்தது என்று தெரியாதவனுக்கு இரண்டாவதும் தானாக நடக்கிற மாதிரிதான் தோன்றும்.

சொல்ல முடியும் என்பதற்கு அத்தாட்சி

ஊருக்குள்ளேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. லினெட்ஸ்கா தெருவில் ஸைடல் புகைப்பட நிலையம். யோசெஃப் ஸைடலும் அவர் மகனும் ஷுமாவா மலைக்காட்டுப் பகுதி மக்களைத் தலைமுறை தலைமுறையாகப் படமெடுத்தவர்கள், ஜெர்மன் பேசிய குடும்பம். 2008-லிருந்து அந்த வீடு அருங்காட்சியகம். கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ, கண்ணாடி நெகட்டிவ்கள், யார் எப்போது வந்து படம் எடுத்துக்கொண்டார்கள் என்ற பதிவேடுகள். படமெடுக்க வந்த சிறுமி, ராணுவத்துக்குப் போகும் பையன், கல்யாண ஜோடி. அந்தப் படங்களில் இருக்கும் சில கிராமங்கள் பிறகு எல்லைக் காவல் பகுதிக்குள் போய் இல்லாமலே ஆயின. அங்கே யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. பெயரும் முகமும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்த்துவிட்டு வெளியே வருபவன் சந்தோஷம் கெட்டு வருவதில்லை.

ஹோட்டல்களுக்கு இதைவிடச் சுலபம். காரணம், வீட்டு எண். 1770-71-ல் மரியா தெரேஸா ஆட்சியில் படைக்கு ஆள் கணக்கெடுக்க வீட்டுக்கு வீடு எண் போட்டார்கள். சீஸ்லோ போபிஸ்னே என்கிறார்கள். செக் ஊர்களில் அந்த எண் முறை இன்றும் வாசலில் தொடர்கிறது. தெருவின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறும், ஊரின் பெயரே மாறும், இந்த எண் அவ்வளவு சுலபத்தில் மாறாது. எங்கள் பாஷையில் சொன்னால் ப்ரைமரி கீ. த்ரெபோன் வட்டார ஆவணக் காப்பகம் பழைய மக்கள்தொகைப் படிவங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, எண் வரிசையில்.

இரண்டாம் இரவு கட்டிலில் உட்கார்ந்து ஹோட்டல் வைஃபையில் தேடினேன். பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்கப் பழகவேணும், மற்றபடி ஒரு மணி நேர வேலை. அந்தப் படிவம் கிடைத்தது. படத்தில் கடைப் பலகையில் இருந்த அதே பெயர். செருப்புத் தைப்பவர், மனைவி, நாலு பிள்ளைகள், ஒரு வேலைக்காரப் பெண். பேச்சு மொழி: ஜெர்மன். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயசு. அது பிழைத்து இருந்திருந்தால் 1946-ல் முப்பத்தேழு. பெயரை இங்கே எழுதவில்லை, பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.

கிளம்பும்போது கருத்துப் படிவத்தில் சுத்தம், காலை உணவு, வரவேற்பு எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். கீழே, கையேட்டில் படத்துக்கும் "சீரழிந்தது" என்ற வரிக்கும் நடுவில் சேர்க்கச் சொல்லி மூன்று வாக்கியம் எழுதிவைத்தேன்:

"1910 வாக்கில் இங்கே ஒரு செருப்புத் தைப்பவர் குடும்பம் இருந்தது, வீட்டில் பேசியது ஜெர்மன். 1945-46-ல் இந்த ஊரின் ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள், அதற்கு முன்பே 1938-ல் செக்குகளும் யூதர்களும் ஊரை இழந்திருந்தார்கள். பிறகு வேறு ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் 1990கள் வரை இந்த அறைகளில் வாழ்ந்தார்கள்."

வரவேற்பறை அம்மா படித்துப் பார்த்தார். கடைசி வாக்கியத்தில் விரல் வைத்து, "இது இருக்கட்டும்" என்றார். முதலாளியிடம் கொடுப்பதாகச் சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு இரவாவது தங்குங்கள், பஸ் கிளம்பிய பிறகுதான் ஊர் தெரியும். வாசலில் வீட்டு எண் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பகப் பக்கத்தில் தேடும் முறையை அடுத்த குறிப்பில் படிப்படியாக எழுதுகிறேன்.